சுவையில்லாத நூலை அந்தக் காலத்து விமர்சகர்கள் எப்படிச் சொன்னார்கள்?

கேள்வி இதுதான்: "மொக்கை, போர், அறுவை என்று இன்று சொல்கிறோம். இந்தச் சொற்கள் எல்லாம் வருவதற்கு முன்னால், சப்பென்று இருக்கும் ஒரு நூலையோ கவிதையையோ நம் பழைய விமர்சகர்கள் எப்படிச் சொன்னார்கள்? ஆங்கிலேயர்களைப் போலக் கிண்டல் செய்தார்களா, இல்லை கண்டுகொள்ளாமல் விட்டார்களா?" பார்த்தால் சொற்பட்டியல் கேட்பது போல இருக்கிறது. உள்ளே இருப்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன். இலக்கணப் பிழை இல்லை, தளை தட்டவில்லை, கருத்திலும் தவறில்லை, ஆனாலும் படிக்க முடியவில்லை. இப்படி ஒரு நிலை இருப்பதை அவர்கள் குறையாகக் கணக்கில் எடுத்தார்களா? கல்லூரியில் இலக்கணமும் திறனாய்வும் நடத்தியவன் என்பதால் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். எடுத்தார்கள். ஆனால் 'எனக்குச் சலிப்பாக இருந்தது' என்று தங்கள் பக்கத்திலிருந்து பேசியது குறைவு. நூலில் எந்த இடத்தில் சரக்கு தீர்ந்தது என்று காட்டுவதிலேயே அவர்கள் கவனம் இருந்தது.

இதற்கு முதல் சாட்சி நன்னூல். 13ஆம் நூற்றாண்டை ஒட்டிப் பவணந்தி முனிவர் செய்தது. அதன் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை ஒரே சூத்திரத்தில் அடுக்கியிருக்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன பட்டியல்தான். இப்போது சலிப்பு என்ற ஒரே கண்ணோடு திரும்பப் படித்துப் பாருங்கள். என் கணக்கில் பத்தில் ஆறு சலிப்பின் வகைகள். அளவுக்கு மேல் சொல்வது ஒன்று. சொன்னதையே சொல்வது இன்னொன்று. வெற்றெனத் தொடுத்தல் என்பது பொருள் இல்லாத வெறும் சொற்களைக் கோத்துக்கொண்டே போவது. மற்றொன்று விரித்தல், எடுத்த விஷயத்தை நடுவில் விட்டுவிட்டு வேறெதையோ விரிப்பது. நின்று பயன் இன்மை, சொற்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றால் கிடைப்பது எதுவும் இல்லை என்பது.

நான் தனியாக எடுத்துச் சொல்ல விரும்புவது சென்று தேய்ந்து இறுதலை. தொடக்கத்தில் இருந்த சொல்நடையும் பொருள்நடையும் போகப் போகத் தேய்ந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் முடிவது. முதல் ஐம்பது பக்கம் பறந்துவிட்டு அப்புறம் நொண்டும் நாவல்களை எத்தனை படித்திருக்கிறோம்! இடைவேளைக்குப் பிறகு படுத்துவிடும் படத்துக்கும் இது அப்படியே பொருந்தும். மாணவர்களிடம் ஒரு கதையைக் கொடுத்து 'பிடிக்கவில்லை என்று சொல்லாதே, இந்தப் பத்தில் எது என்று சொல்' என்று கேட்டால், ஐந்து நிமிடத்தில் உருப்படியான பேச்சு தொடங்கிவிடும். 'மொக்கை' என்று சொன்னவன் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. 'மற்றொன்று விரித்தல்' என்று சொன்னவன் எந்தப் பக்கத்தில் விரித்தார் என்று காட்டித்தான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பட்டியல் நூலுக்குச் சொன்னது. பாயிரத்தில் நூல் என்றால் பெரும்பாலும் இலக்கண நூல், சாத்திர நூல் என்ற பொருள். கவிதைக்கும் கதைக்கும் இதை நீட்டுவது நாம் செய்யும் வேலை. நீட்டினால் பொருந்துகிறது என்பது என் அனுபவம். பவணந்தியார் கவிதை விமர்சனத்துக்காகவே இதைச் செய்தார் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தொல்காப்பிய மரபியலிலும் இதே போன்ற பட்டியல் உண்டு. அங்கே இதற்குச் சிதைவு என்று பெயர். பாதிக்கு மேல் நன்னூலோடு ஒத்துப்போகிறது. நன்னூலில் இல்லாத இரண்டு குற்றங்கள்தான் நம் கேள்விக்கு முக்கியம். ஒன்று, 'கேட்போர்க்கு இன்னா யாப்பிற்று ஆதல்'. கேட்பவருக்கு இனிமை இல்லாதபடி கட்டியிருப்பது. இன்னொன்று, 'என்ன வகையினும் மனங்கோள் இன்மை'. எப்படிப் பார்த்தாலும் மனம் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது. மற்ற குற்றங்களை நூலைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்த இரண்டுக்கும் கேட்பவர் ஒருவர் எதிரே இருக்க வேண்டும். ஆக, கேட்பவரின் மனநிலையைப் பழையவர்கள் அடியோடு ஒதுக்கினார்கள் என்று சொல்ல முடியாது. கடைசியில் வைத்தார்கள், அவ்வளவுதான். எல்லாக் காரணங்களையும் தேடிப் பார்த்த பிறகும் ஒட்டவில்லை என்றால் அப்போது சொல்லிக்கொள்ள ஓர் இடம். அந்த வரிசையைத் தொல்காப்பியர் வேண்டுமென்றே வைத்தாரா என்பது ஊகம். எனக்கு அப்படிப் படிக்கப் பிடித்திருக்கிறது.

பேச்சில் சுவை இல்லாததற்குக் குறளில் ஓர் உவமை இருக்கிறது. கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லத் தெரியாதவர்களை 'இணர்ஊழ்த்தும் நாறா மலர்' என்கிறது 650ஆம் குறள். கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது, வாசனை இல்லை. படிப்பு குறைவு என்று குறள் சொல்லவில்லை. பூ இருப்பதை ஒப்புக்கொண்டு, அதில் இல்லாததை மட்டும் சொல்கிறது. பண்டிதத் தனமான, குறை சொல்ல முடியாத, ஆனால் உட்கார்ந்து கேட்க முடியாத சொற்பொழிவுக்கு இதைவிடப் பொருத்தமான வசை இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, மோசமான புலவர்களைத் தண்டித்த கதைகள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். படிக்காசுப் புலவர் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று பிரபலம். 'குட்டுதற்கோ பிள்ளைப் பாண்டியன் இங்கில்லை' என்று தொடங்கும். காதை அறுக்க வில்லி (வில்லிபுத்தூரார்) இல்லை, தலையை வெட்ட ஒட்டக்கூத்தன் இல்லை, ஏமாற்றிப் பரிசு வாங்க அறிவில்லாத துரைகள் மட்டும் இருக்கிறார்கள், ஆகவே 'தேசமெங்கும் புலவரெனத் திரியலாமே' என்று முடியும். வரலாற்றுச் செய்தியாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒட்டக்கூத்தர் நிஜமாகவே தலை வெட்டினார் என்பதற்கு ஆதாரம் கேட்டால் கதைகள்தான் கிடைக்கும். அந்தக் கதைகளிலும் தண்டனை விழுவது பிழைக்கு. வில்லிபுத்தூரார் கதையில் பொருள் சொல்லத் தெரியாமல் தோற்றவனுக்குத்தான் காது போகிறது, தூங்கவைத்தவனுக்குப் போகவில்லை. ஆனால் பாட்டின் கடைசிப் பகுதி நமக்கு வேண்டியது. விளையாட்டுப் போல விரைந்து பாடித் தள்ளும் கவிதை என்று அது ஏளனம் செய்வது வேறொரு குறையை. அது சரக்கில்லாத உற்பத்தி பற்றிய புகார். இன்றைக்கும் வாடாத புகார்.

வடமொழி அணி இலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தில் இன்னும் நேரடியாகப் பேசினார்கள். நான் அவர்களை மொழிபெயர்ப்பு வழியாகப் படித்தவன், அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாமகர் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார்: 'சூரியன் மறைந்தது, நிலவு ஒளிர்கிறது, பறவைகள் கூட்டுக்குப் போகின்றன.' இது என்ன கவிதை, இதைச் செய்தி என்பார்கள் என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறார். அவர் பயன்படுத்தும் சொல் 'வார்த்தா'. கெட்ட கவிதை என்று சொல்லவில்லை. கவிதை என்ற கணக்கிலேயே சேர்க்க மறுக்கிறார். காஞ்சியோடு தொடர்புடைய தண்டி இதே வரியை எடுத்துக்கொண்டு, பொழுதின் நிலையை உணர்த்துவதற்கு இதுவும் நல்லதுதான் என்கிறார். இருவரில் யார் முந்தியவர் என்று அறிஞர்களிடையே நீண்ட சச்சரவு உண்டு. அதனால் ஒருவர் மற்றவருக்குப் பதில் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த வழக்கில் தமிழ் வாசகன் யார் பக்கம்? சங்கப் பாடல்களில் பழகிய எவரும் தண்டி பக்கம்தான் போவார் என்று தோன்றுகிறது. முல்லைத் திணைக்கு உரிய சிறுபொழுது மாலை. சூரியன் மறைகிறது, பறவைகள் கூடு திரும்புகின்றன என்றாலே, திரும்பி வராத ஒருவனுக்காக வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்று நமக்குக் கேட்டுவிடும். திணை தெரியாதவருக்கு அதே வரி வானிலை அறிக்கை. இதிலிருந்து எனக்குப் புரிவது, ஒரு படைப்பைச் சப்பை என்று தள்ளுவதற்கு முன் அது எந்த மரபுக்குள் நின்று பேசுகிறது என்று பார்த்தாக வேண்டும். பாமகர் போன்ற பெரிய ரசிகருக்கே அந்த வரி வெறும் செய்தியாகத்தான் பட்டது.

9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் வந்தபோது இந்த விவாதம் உச்சத்துக்குப் போனது. ரசம் இல்லாத பிரபந்தம் கவிஞனுக்குப் பெரிய 'அபசப்தம்' என்று அவருடைய நூலில் வருகிறது. அபசப்தம் என்றால் இலக்கணம் பிழைத்த சொல். ஒரு புலவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. சுவையில்லாமல் எழுதுவதையே பிழை என்ற இடத்துக்கு அவர் உயர்த்திவிட்டார். பிழையில்லாமல் எழுதினேன் என்று இனி யாரும் தப்பிக்க முடியாது. வெறும் சொல் வித்தையாக நிற்பதை அவர் முதன்மையான காவியமாகவே ஏற்கவில்லை, காவியத்தைப் பார்த்துச் செய்த போலி என்றார். நாகபந்தம், ரதபந்தம் என்று எழுத்துகளைக் கட்டத்துக்குள் அடைத்து மகிழ்ந்த நம் பிற்காலப் புலவர்கள் இதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! சுவையற்றது என்ற பொருளில் தமிழில் நீண்ட காலம் புழங்கிய 'நீரசம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த மரபு இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் ஒரு வினோதம். அச்சு வந்துவிட்டது, நூல்கள் குவிகின்றன, ஆனால் சலிப்பைப் பற்றி அச்சில் பேச்சு அபூர்வம். காரணம் லேசானது. நூலின் முன்பக்கங்களில் இருப்பது சாற்றுக்கவி. நண்பர்களும் ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் பாடிக் கொடுத்த புகழ்ச்சி. எதிர்ப்பு என்று வந்தால் அது கண்டனம், மறுப்பு என்ற வடிவில் வரும். அங்கே சண்டை சமயத்தைப் பற்றியோ பாடத்தைப் பற்றியோ பிழையைப் பற்றியோ இருக்கும். வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்ற சச்சரவில் நடந்தது அதுதான். 'உங்கள் நூல் தூக்கம் வரவழைக்கிறது' என்று சொல்ல இந்த இரண்டு வடிவங்களிலும் இடமில்லை.

அந்தத் தீர்ப்பு நேர்ப்பேச்சில்தான் விழுந்தது. நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த பதிவு உ.வே.சாமிநாதையரின் சுயசரிதையில் இருக்கிறது. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று தான் படித்ததை அடுக்குகிறார். முதலியாரிடம் வியப்பு இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்ற தோரணையில் கேட்டுவிட்டுச் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை பற்றி விசாரிக்கிறார். 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பின் தொடக்கம் அந்தச் சந்திப்பு என்பது எல்லோரும் சொல்வது. விமர்சன வரலாற்றிலும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நூற்றாண்டுச் சிற்றிலக்கிய உற்பத்தியில் பெரும்பகுதியை ஒரே கேள்வியில் ஒருவர் ஓரம் தள்ளிய காட்சி அது. அவர் கேட்டது சுவையை அல்ல, பயனை. நன்னூலின் கடைசிக் குற்றமும் பயனைப் பற்றியதுதான். முதலியார் அந்தச் சூத்திரத்தை நினைத்துத்தான் கேட்டார் என்று சொல்ல வரவில்லை. படித்தவர்களின் மனத்தில் அளவுகோல் அப்படித்தான் இருந்தது என்கிறேன். இதில் முதலியார் கொஞ்சம் அநியாயம் செய்தார் என்பதும் என் கருத்து. கலம்பகங்களிலும் பிள்ளைத்தமிழ்களிலும் அபாரமானவை உண்டு.

கேட்பவன் பக்கத்திலிருந்து கோபமாகப் பேசியவர் பாரதி. இலக்கியத்தைப் பற்றி அல்ல, கச்சேரிகளைப் பற்றி. எந்த ஊருக்குப் போனாலும், எந்த வித்வான் வந்தாலும், 'வாதாபி கணபதிம்' என்று ஆரம்பித்து அதே சில கீர்த்தனங்கள்தான் என்று அவர் சங்கீதத்தைப் பற்றிய கட்டுரையில் புலம்புகிறார். தமிழ்நாட்டு ஜனங்களுக்கு இரும்புக் காது, அதனால்தான் ஏழெட்டுப் பாட்டுகளை வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், தோல் காது உள்ள தேசங்களில் இதைப் பொறுக்க மாட்டார்கள் என்பது அவர் கிண்டல். கூறியது கூறல் என்ற பழைய குற்றத்தையே அவர் சொல்கிறார். ஆனால் பழியைப் பாடுகிறவரோடு நிறுத்தாமல் கேட்கிறவர் தலையிலும் போடுகிறார். இதை எனக்குத் தெரிந்து அதற்கு முன் யாரும் இவ்வளவு உறைக்கும்படி செய்யவில்லை.

ஆங்கிலேயர்களின் கிண்டலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களுடைய முறை வேறு. கல்விக் குறிப்பால் நமக்குத் தெரிந்த அதே மெக்காலே, 1832இல் முதலாம் எலிசபெத் அரசியின் அமைச்சர் பர்லி பிரபுவின் வாழ்க்கை வரலாறு ஒன்றுக்கு எழுதிய மதிப்புரையில், நூலுக்குச் சுமார் 2000 பக்கம், எடை 60 பவுண்டு என்று அளந்து சொல்லிவிட்டுத் தொடங்குகிறார். கூடவே ஒரு கதை: இத்தாலியில் ஒரு குற்றவாளிக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனையா, குவிச்சார்டினியின் வரலாற்று நூலைப் படிக்கும் தண்டனையா என்று கேட்டார்களாம். நூலைத் தேர்ந்தெடுத்தவன் பைசா நகரத்துப் போர் வந்ததும் தாங்க முடியாமல் துடுப்புக்கே போய்விட்டானாம். அவருக்கு முன்பு 18ஆம் நூற்றாண்டு விமர்சகர் சாமுவேல் ஜான்சன், மில்டனின் பெருங்காப்பியத்தைப் பாராட்டிக்கொண்டே வந்து, அது இன்னும் நீளமாக இருக்கக் கூடாதா என்று யாரும் ஆசைப்பட்டதில்லை என்று போகிற போக்கில் எழுதினார். இந்த விளையாட்டு பத்திரிகை என்ற ஒன்று இருந்ததால் வந்தது. அங்கே மதிப்புரை எழுதுபவர் மதிப்புரைக்காகவே படிக்கப்பட்டார். தமிழில் அந்த நிலைமை 1930களில்தான் வந்தது. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதிய ஆடல் பாடல் பகுதி ஓர் உதாரணம். கச்சேரிக்குப் போகாதவர்களும் அதைப் படித்தார்கள்.

அதே காலத்தில் ரசிகமணி டி.கே.சி. பாமகர் வழியில், ஆனால் பாமகரைச் சொல்லாமல், போனார். செய்யுள் வேறு, கவி வேறு என்பது அவர் கட்சி. யாப்பு சரியாக இருந்தால் செய்யுள், உணர்ச்சி உருவம் பெற்று வந்தால்தான் கவி. இதுவரை சரி. கம்பனிடம் வந்தபோது, தனக்குக் கவியாகப் படாத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கி, கம்பனைச் சலித்தெடுத்துப் பதிப்பித்தார். பெருங்கவிஞனும் சில இடங்களில் சுமாராக எழுதுவான் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ரசிகராக அவரை எவ்வளவு பிடித்தாலும், பதிப்பாசிரியராக நான் அவரை நம்ப மாட்டேன். சுவை குறைவு என்பது ஒரு பாடல் யாருடையது என்பதற்குச் சான்று ஆகாது.

1930களின் மணிக்கொடி இதழுக்குப் பிறகு வந்த விமர்சகர்களிடம் சொற்கள் மாறுகின்றன. ஜீவன் இல்லை, சாரம் இல்லை, ஆழம் இல்லை, வெறும் சக்கை என்பவை திரும்பத் திரும்ப வரும். இந்தக் காலத்துச் சொற்களில் எனக்கு அதிகம் நம்பிக்கை இல்லை. 'ஜீவன் இல்லை' என்றால் எதிராளி 'இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்ல முடியும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இந்தச் சிக்கல் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. க.நா.சு. தேர்ந்த வாசகனின் ரசனையே போதும் என்று நல்ல படைப்புகளுக்குப் பட்டியல் போட்டார். சி.சு.செல்லப்பா 1959 ஜனவரியில் எழுத்து பத்திரிகையைத் தொடங்கி, பிரதியை அலசிக் காட்ட வேண்டும் என்று நின்றார். வெங்கட் சாமிநாதன் தனித்தனிப் படைப்புகளை விட்டுவிட்டுச் சூழலையே பாலை என்றார். மூவரில் செல்லப்பாவின் வழிதான் நன்னூலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருடைய அலசல்கள் சில நேரம் அலசப்பட்ட கதையைவிட அதிகம் சலிப்பூட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, பழைய இதழ்களின் மதிப்புரைப் பக்கங்களைப் புரட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு குறிப்பு. அங்கே 'சலிப்பு' என்ற சொல்லைத் தேடினால் அதிகம் கிடைக்காது. 'அச்சும் கட்டும் அழகாக அமைந்துள்ளன', 'ஆசிரியரின் உழைப்பு தெரிகிறது', 'முயற்சி பாராட்டத்தக்கது' என்று மட்டும் எழுதி முடித்திருக்கும் இடங்களை எடுத்துப் பாருங்கள். எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன், உண்மையான பாராட்டும் சில நேரம் அதே வாக்கியங்களில் வரும். நூலின் உள்ளே இருந்து ஒரு வரிகூட மேற்கோள் காட்டாமல் தாளையும் அட்டையையும் மட்டும் புகழ்ந்திருந்தால், பெரும்பாலும் அவர் பாதியிலேயே மூடி வைத்திருப்பார்.